காசுக் கண்காட்சியில் பேரம்: எந்தக் காசுக்கு எவ்வளவு இறங்குவார்கள்?

பள்ளத்தூர்த் தம்பி ஒருவர் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். 1911-ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய்க்கு ஒரு மேஜையில் 6,000 சொன்னார்களாம், நாலு மேஜை தள்ளி அதே வருஷத்து ரூபாய் 3,500. இதில் எது சரியான விலை? எவ்வளவு குறைத்துக் கேட்டால் மரியாதைக் குறைவாகாது? மூன்றாவது, தன் வீட்டு ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் கிடந்த காசுகளைக் காட்டினால், அவர்கள் விற்கிற விலையில் பாதிக்குத்தான் கேட்கிறார்கள், இது ஏமாற்றா?

பேரம் படிவது உங்கள் வாய்ச் சாமர்த்தியத்தில் பெரிதாக இல்லை, தம்பி. அந்தக் காசை வியாபாரி நாளைக்கே இன்னொருவருக்கு விற்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது. நாளைக்கே போகிற காசுக்கு அவர் பெரிதாக இறங்க மாட்டார். வருஷக்கணக்காகப் பெட்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிற காசுக்கு நீங்கள் வாய் திறக்குமுன்பே இறங்குவார். மூன்று கேள்விக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் சாதாரண வெள்ளி ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றின் எடை 11.66 கிராம். 1939 வரை அடித்ததில் வெள்ளி 91.7 சதவீதம், அதாவது சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 1918 ரூபாய் ஒன்றின் உலோக விலை மட்டும் 1,069. அன்றைய வெள்ளி விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1917, 1918, 1919 எல்லாம் கோடிக்கணக்கில் அடித்தவை. அவற்றுக்கு மேஜையில் சொல்லும் விலை உலோக விலைக்குச் சற்று மேலேதான் இருக்கும். அந்தச் சற்றுதான் அவர் லாபம். அங்கே போய் "பாதிக்குத் தர்றீங்களா" என்றால், பத்தடி தூரத்தில் இருக்கும் வெள்ளிக்கடையில் போட்டாலே அதைவிடக் கூட வரும் என்று அவருக்குத் தெரியும். இந்த மாதிரிக் காசில் பேரம் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். பத்து, இருபது சேர்த்து எடுத்தால் காசுக்கு இருபது, முப்பது ரூபாய் தள்ளுவார். அவ்வளவுதான்.

1911 வேறு கதை. ஐந்தாம் ஜார்ஜ் மார்பில் அணிந்திருக்கும் சங்கிலியில் குட்டி யானை ஒன்று உண்டு. அந்த வருஷ அச்சில் யானையின் தும்பிக்கை குட்டையாக விழுந்து, அது பன்றி என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. முஸ்லிம்கள் மனம் புண்படும் என்று அரசு அதை வெளியே விடுவதை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கியது. 1912-இல் யானையைத் திருத்திவிட்டார்கள். ஆகவே அந்த வடிவம் ஒரே வருஷத்துக்கு மட்டும். சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் ஒன்று வேண்டும். அதனால் அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது, விலையும் நிற்கிறது.

அப்படியானால் 6,000-க்கும் 3,500-க்கும் நடுவே என்ன வித்தியாசம்? இரண்டு காசையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் அந்த யானை. பன்றி ரூபாய் என்று வாங்குகிறவருக்கு அந்தப் பன்றி தெரிய வேண்டும் அல்லவா? புழங்கித் தேய்ந்த காசில் முதலில் மொழுக்கென்று ஆவது கிரீடத்தின் மேடும், காதும், இந்தச் சங்கிலியும்தான். யானை அழிந்துபோன 1911 காசுக்கு வருஷத்துக்கான விலை மட்டும் கொடுங்கள், கதைக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, தேய்த்துத் துலக்கிய காசா என்பது. நம் பக்கத்தில் இதுதான் பெரிய வில்லங்கம். செட்டிநாட்டு வீடுகளில் வெள்ளிச் சாமானை விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். லட்சுமி பூஜையில் வைத்த ரூபாய்க்கும் அதே மரியாதை நடந்துவிடும். பார்க்கப் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும், தெரியாதவர் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார். விளக்கு வெளிச்சத்தில் காசைச் சாய்த்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அச்சுக்கூடத்திலிருந்து வந்த பளபளப்பு மிச்சமிருந்தால், ஒளிக்கீற்று ஒன்று காசு திரும்பத் திரும்பக் கூடவே சுற்றி வரும். தேய்த்த காசில் அது ஓடாது, முழுக்க ஒரே வெளுப்பாகத் தெரியும். மன்னர் மூக்குக்கு முன்னால் எழுத்தில்லாத வெற்று இடம் இருக்கிறதே, அங்கே மயிரிழைக் கீறல்கள் கூட்டமாக ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். பூதக்கண்ணாடிகூட வேண்டாம், கண்ணுக்கே தெரியும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு மிஞ்சி மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருந்தாலும் அதே சமாச்சாரம்தான். இப்படித் துலக்கிய காசு, துலக்காத காசின் விலையில் முக்கால், சில நேரம் பாதிதான் பெறும். பழைய வீட்டில் கறுத்துப்போய்க் கிடக்கும் காசுதான் மதிப்புள்ளது என்று ஆச்சிமாரிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் வியாபாரிகள் என்னைக் கோபிப்பார்கள். கண்காட்சியில் நல்ல சரக்கு பொதுமக்களுக்குக் கதவு திறப்பதற்குள் ஒரு சுற்று கை மாறிவிடும். மேஜை போடும்போதே ஒருவர் சரக்கை இன்னொருவர் பார்த்து, விலை குறைவாக இருப்பதை வாங்கித் தன் மேஜையில் வைத்துக்கொள்வார். ஆக 6,000 சொன்னவருடைய அடக்கமே நாலாயிரத்தைத் தாண்டியிருக்கலாம். 3,500 சொன்னவர் ஒரு வீட்டுச் சரக்கை மொத்தமாக வாங்கியவராக இருக்கலாம். விலை வித்தியாசம் முழுவதும் காசின் தரத்தில் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம், முழுவதும் பேராசை என்றும் நினைக்க வேண்டாம். தரம் ஒன்றாக இருந்தால் 3,500 சொன்னவரிடம் வாங்குங்கள். 6,000 சொன்னவரிடம் போய் "அங்கே 3,500-தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அப்ப அங்கேயே எடுத்துக்கங்க" என்பார். அதில் தப்பில்லை.

பேரத்துக்கு உண்மையான இடம் எங்கே என்றால், மெதுவாக நகரும் சரக்கில். நம் பக்கத்துக் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து அடித்து வரவழைத்தார்கள். அழகான காசு, நம் ஊர்க் காசு, ஆனால் ஏராளமாகக் கிடைக்கிறது. ஒரே வியாபாரியிடம் டப்பா நிறைய இருக்கும். அதேபோலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1808-இல் சென்னை மாகாணத்துக்காக அடித்த 20 காசு, 10 காசு செம்பு நாணயங்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இவற்றை ஏற்றிக்கொண்டு வரும்போது 1809-இல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது. பின்னாளில் கடலடியிலிருந்து குவியல் குவியலாக எடுத்தார்கள். இருநூறு வருஷத்துக் காசு என்று கேட்டவுடன் நமக்கு மலைப்பாக இருக்கும். வியாபாரிக்கு அது இன்னொரு செம்புக் காசு. ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசும் அப்படியே. ஆயிரம் வருஷப் பழமை, ஆனால் கிடைப்பதற்குக் குறைவே இல்லை. வயதைப் பார்த்து விலை கொடுக்கிறவரைத்தான் கண்காட்சியில் எல்லாருக்கும் பிடிக்கும்.

இந்த வகையில் நாலைந்து சேர்த்து எடுத்தால் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கேட்பதில் தவறே இல்லை. பொறுக்கி எடுத்தால் ஒரு விலை, கலந்து எடுத்தால் ஒரு விலை என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். டப்பாவிலிருந்து நல்லதாக ஆறு பொறுக்கிவிட்டுக் கலந்த விலை கேட்டால் அவருக்கு எரிச்சல் வரும், நியாயமான எரிச்சல்.

நல்ல தனிக் காசுக்கு என் கணிப்பு: சொன்ன விலையில் பத்து சதவீதம் எந்த மேஜையிலும் கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். கூட இன்னொன்று எடுத்தால் பதினைந்து. 3,500 சொன்னதை 3,100-க்கு, 3,000-க்குக் கேட்பது பேரம். 1,000-க்குக் கேட்பது அடிமாட்டு விலை, அதோடு அவர் பெட்டியை மூடிவிடுவார். பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரிக் காசுத் தரம் பார்க்கும் நிறுவனங்கள் தரம் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வந்த காசுக்கு இதைவிடக் குறைவாகத்தான் இறங்குவார்கள். தரம் பார்க்கக் கட்டிய கட்டணம் அந்த விலையில் உட்கார்ந்திருக்கிறது.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். காசை விளிம்பில் பிடித்துப் பாருங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. பார்த்து முடித்து, வாங்கும் எண்ணம் உறுதியான பிறகே விலை பேசுங்கள். இப்படி:

"அண்ணே, இது கடைசியா என்ன வரும்?"

"மூணு ஐநூறு போட்டிருக்கு. நீங்க எடுக்கிறதுன்னா மூணு முந்நூறு பண்ணிக்கலாம்."

"நெத்தியில ஒரு அடி வாங்கியிருக்குண்ணே. மூவாயிரம் ரொக்கமாத் தர்றேன், அந்த அம்மன் காசு ரெண்டும் சேர்த்து எடுத்துக்கிறேன்."

"அம்மன் காசுக்குத் தனியாக் குடுங்க. ரூபாய்க்கு மூவாயிரத்து நூறு. முதப் போணி, மறுக்காம எடுத்துக்கங்க."

இதில் குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்தியதைப் பாருங்கள். "இது டம்மி மாதிரி இருக்கே", "இதைப் போய் யாரு வாங்குவா" என்று மட்டம் தட்டிப் பேசி விலை குறைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சரக்கை இகழ்ந்தால் அதை வாங்கி வைத்த அவர் கண்ணையும் இகழ்ந்ததாக ஆகிவிடும். அடுத்து ஒன்று: நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சரி என்றுவிட்டால், எடுத்துத்தான் ஆக வேண்டும். "ஒரு சுத்துப் போயிட்டு வர்றேன்" என்று அப்போது நகர்ந்தால் அடுத்த கண்காட்சியிலும் உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் போணி நேரத்தில் செய்தால் சாபமே விடுவார். சுற்றிப் பார்ப்பதை விலை பேசுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மேஜையில் இன்னொருவர் நிற்கும்போது உரக்க விலை கேட்காதீர்கள். உங்களுக்குக் குறைத்தால் அவருக்கும் குறைக்க வேண்டிவரும் என்பதால், குறைக்க இருந்தவரும் குறைக்க மாட்டார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பதை இங்கே கால்குலேட்டரில் செய்கிறார்கள்: அவர் ஒரு எண்ணைத் தட்டிக் காட்டுவார், நீங்கள் வாங்கி இன்னொரு எண்ணைத் தட்டிக் கொடுக்கலாம். பேச்சே வேண்டாம்.

எந்த நேரம் நல்ல நேரம்? நல்ல காசு வேண்டுமானால் முதல் நாள் காலை, விலை குறைய வேண்டுமானால் கடைசி நாள் சாயங்காலம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. கடைசி நாளில்கூட எல்லாரும் இறங்குவார்கள் என்றில்லை. மேஜை வாடகையும் லாட்ஜ் செலவும் இன்னும் எடுக்காதவர் இறங்குவார். காலையிலேயே எடுத்துவிட்டவர் நிம்மதியாகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

செல்போனில் விலையைக் காட்டிப் பேரம் பேசுவது பற்றி. இணையத்தில் ஒருவர் கேட்கிற விலைக்கும், அது விற்ற விலைக்கும் சம்பந்தமே இருக்காது. ஏலத்தில் விற்று முடிந்த விலையைக் காட்டினால் வியாபாரி மதிப்பார், ஆனால் அதிலும் ஏலக் கமிஷன், அதன்மேல் வரி எல்லாம் சேர்ந்ததா என்று பாருங்கள். வைஷ்ணவதேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கமிஷன், கட்டணம் என்று முன்பணம் பிடுங்குகிற கூட்டம் அது. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், பழைய காசு நோட்டு வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் இல்லை, எங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று அறிக்கை விட்டது. ராமர் பட்டாபிஷேகம், அனுமன் படம் போட்டு 1616, 1717, 1818 என்று வருஷம் அடித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ காசுகளும் கம்பெனி அடித்தவை அல்ல. இந்தக் காசு அரிசியைக் காந்தம்போல இழுக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி மூன்றாவது கேள்வி, பெட்டி. பாதி விலைக்குக் கேட்பது ஏமாற்று அல்ல. 3,500 என்று எழுதி வைத்த காசு பேரத்துக்குப் பிறகு 3,100-க்குப் போகிறது. அதற்குள் மேஜை வாடகை, பஸ் செலவு, தங்கும் செலவு, விற்காமல் முடங்கிய முதல் எல்லாம் இருக்கிறது. அவர் அதை 2,000-க்கு, 2,200-க்கு வாங்கினால்தான் கட்டுப்படியாகும். சீக்கிரம் போகும் சரக்கென்றால் மூன்றில் இரண்டு பங்குவரை தருவார், மெதுவான சரக்கென்றால் பாதிக்கும் கீழே. உலோக விலைக்குக் கீழே கேட்டால்தான் அது ஏமாற்று. வீட்டிலேயே ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வைத்துக்கொண்டு எடை போட்டுவிட்டுப் போங்கள்.

பர்மாவிலிருந்து வந்த பெட்டி என்றதும் பர்மாக் காசு நிறைய இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் செட்டிநாட்டு வட்டிக்கடைகள் அங்கே நடந்த காலத்தில் பெரும்பாலும் புழங்கியது இந்திய ரூபாய்தான். மின்டோன் மன்னர் அடித்த மயில் ரூபாய் ஒன்றிரண்டு இருக்கலாம். தோகை விரித்த மயில், பர்மிய எழுத்து, 1214 என்ற பர்மிய ஆண்டு. அது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், எடைக்குப் போடாதீர்கள். பர்மா 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, ஐந்தாம் ஜார்ஜ் நோட்டுகளின் மேல், பர்மாவில் மட்டும் செல்லும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விட்டார்கள். அதுவும் நல்ல விலை பெறும். ஆனால் கட்டுக்கட்டாக இருப்பது அநேகமாக 1942-க்குப் பிறகு ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டாகத்தான் இருக்கும். தொகுதி எழுத்து பி என்று தொடங்கினால் பர்மா, எம் என்று தொடங்கினால் மலேயா. கணக்கில்லாமல் அடித்தவை. அதற்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் இருந்தார்கள் என்பது வேறு. இன்று மேஜையில் அதற்கு ஒரு டீ, வடை செலவுக்கு மேல் தேறுவது கஷ்டம்.

மலேயா, சிங்கப்பூர்த் தொடர்புள்ள வீடுகளில் பெரிய வெள்ளி டாலர் இருக்கும். எடை பார்க்காமல் விற்காதீர்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் பகுதிக்காக அடித்த நீரிணைக் குடியேற்ற (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்) டாலரில் 1903, 1904 வருஷத்தவை 26.95 கிராம், 1907 முதல் 1909 வரை அடித்தவை 20.2 கிராம்தான், இரண்டும் 90 சதவீத வெள்ளி. ஒரே விலை சொல்லி இரண்டையும் கேட்பவரிடம் கனமானதைக் கொடுத்துவிடக் கூடாது. வாங்குவதானால் இன்னும் ஜாக்கிரதை, இந்தப் பெரிய டாலர்களில் போலி ஏராளம். காசுமாலையில் கோத்திருந்த சவரனில் வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் சேகரிப்பு மதிப்பு போனதுதான், பவுன் விலைக்கு நகைக்கடையில் போடுங்கள்.

விற்கும்போது "பெட்டியோட மொத்தமா ஒரு விலை" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதலில் சாதா வெள்ளி ரூபாயைப் பிரித்து எடைக்கணக்கு போடுங்கள். மீதியை இரண்டு, மூன்று பேரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். எந்தக் காசை எடுத்து அவர் இரண்டாவது முறை பார்க்கிறார் என்று கவனித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். விபூதி வேண்டாம், புளி வேண்டாம், துணியால்கூடத் துடைக்க வேண்டாம். விலாசம் எழுதிய பை, கடைத் தாள், சீட்டு ஏதாவது கூட இருந்தால் தூக்கிப் போடாமல் காசோடு சேர்த்தே வையுங்கள். காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. உண்மையிலேயே அரிதான ஒன்று இருந்தால் கண்காட்சி மேஜை அதற்கு இடமில்லை, ஏலத்துக்கு அனுப்பலாம். அங்கேயும் விற்பவரிடம் கமிஷன் பிடிப்பார்கள், பணம் கைக்கு வர மாதக்கணக்காகும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்கலாமா, வாங்கலாமா என்றும் கேட்பீர்கள். அவர்கள் கண் மரத்திலும் பித்தளையிலும் பீங்கானிலும் பழகியது. காசு அவர்களுக்குப் பக்கச் சரக்கு. அதனால் சாதாரணக் காசுக்கு ஆனை விலையும், நல்ல காசுக்குச் சாதா விலையும் இருக்கக் கூடும். தெரிந்து போனால் வாங்க நல்ல இடம், விற்க அல்ல.

பெட்டியில் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பங்காளிக்கும் பாகம் உண்டென்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஊருக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று அவர் நினைத்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். பாகம் பிரிக்கும்போது நூறு வருஷம் தாண்டிய காசுகளை எல்லாம் இங்கே இருப்பவர் பங்கில் வைத்து, அவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுத்துவிடுங்கள். மதிப்பு என்பது மேஜையில் எழுதி வைத்த விலை அல்ல, வியாபாரி வாங்கச் சொன்ன விலை என்பதைப் பாகம் பிரிக்க உட்காருமுன்பே இரண்டு பேரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.